பந்து இல்லாதவன் எங்கை நிக்கிறான்?

சனிக்கிழமை காலை ஞானம் அண்ணையின் மனைவி பிலோமினா அக்காவின் அழைப்பு வந்தபோது நான் அடுப்படியில் நின்றேன். "றெஜினா, அவர் போட்டார்" என்றார். "சரி அக்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுக் கேத்தலின் சுவிட்சைத் தட்டிவிட்டேன். வேறு என்ன செய்வேன்? ஒவ்வொரு சனிக்கிழமையும் வட லண்டன் எட்மண்டனிலிருந்து இதே நேரத்துக்கு இதே அழைப்பு, இதே சொற்கள். ஞானம் அண்ணை வானை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார், வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்கிடையில் நான் தேத்தண்ணி ஊற்றி வைக்கவேண்டும் என்பது அதன் பொருள். எங்கள் பேச்சில் 'போய்விட்டார்' என்பது அப்படித்தான் சுருங்கும்; வீட்டை விட்டுப் போனாலும் 'போட்டார்'தான், உலகத்தை விட்டுப் போனாலும் 'போட்டார்'தான். அக்காவின் குரல் அடைத்திருந்தது. தடிமனாக்கும் என்று நினைத்தேன். அதற்குமேல் அவராலும் பேச முடியவில்லை, நானும் பேச விடவில்லை.

"ஞானம் அண்ணை வெளிக்கிட்டிட்டாராம்" என்று முன் அறையிலிருந்த என் கணவர் செபஸ்தியானுக்குச் சத்தம் போட்டுச் சொன்னேன். அவர் சவரம் செய்து, தோய்ந்து, நீலச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தன் கதிரையில் இருந்தார். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ரீவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மெல்பேர்ணில் இரவு ஆட்டம் தொடங்கிவிட்டது. தேத்தண்ணி ஆறிவிட்டது. "எங்கையடி உவன்?" என்று கேட்டார். "ட்ரபிக்காக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார், நானும் மறுபடி அதையே சொன்னேன். பிறகு லண்டனின் மறுகோடியில், மோர்டனிலிருந்து ராஜன் அழைத்தான். அவனும் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்து ஆள்தான். "அக்கா, உண்மையோ? ஞானம் அண்ணை செத்துப்போனாராம்" என்று அழுதான். விடிய எழும்பி முகம் கழுவிக்கொண்டு நின்ற மனிதர் அப்படியே சரிந்துவிட்டாராம். பிலோமினா அக்கா எந்தப் 'போட்டாரை'ச் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஆரது, ஞானமோ?" என்று முன் அறையிலிருந்து குரல் வந்தது. போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. அவர் சால்வையைக் கழற்றி நாலாக மடித்து என் கையில் தந்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வெளியிடும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்கோ என்று பங்கில் கேட்டார்கள். ஒரு பக்கமாம்! நானாவது, ஒரு பக்கத்தோடு நிறுத்துவதாவது. உங்களில் பலருக்கு அவர் தமிழ்ப் பூசையின் பாட்டுக்குழுவில் பின்வரிசையில் நின்ற கட்டைக் குரல். கடை வைத்திருப்பவர்களுக்கு அவர், குளிர்பெட்டி நின்றுபோனால் ஞாயிற்றுக்கிழமையும் வருகிற ஞானம். அந்த இரண்டு பேரையும் நீங்கள் எழுதுவீர்கள். சனிக்கிழமைக் காலைகளில் எங்கள் முன் அறையில் நின்று கத்திய மூன்றாவது ஆளைப் பற்றி எழுத என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஞானம் அண்ணையும் என் கணவரும் ஜேர்மனியில் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவியவர்கள். ஜேர்மன் பாஸ்போட் கிடைத்ததும் ஒருவர் பின்னால் ஒருவராக லண்டனுக்கு வந்தார்கள். என் கணவர் வான் ஓட்டினார். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் முதலில் ஒரு கண்ணையும் பிறகு மற்றதையும் மங்கவைத்தது. அந்தக் காலத்தில்தான் ஞானம் அண்ணை மகளின் பிள்ளைப்பேற்றுக்கு மெல்பேர்ண் போய் மாதக்கணக்காக நின்றார். மருமகன் நல்ல பெடியன், ஆனால் வாய் திறக்க மாட்டான். அவன் வாய் திறக்கிற ஒரே விஷயம் அந்த ஊர்ப் புட்போல். "மருமகனோடை கதைக்க வேறை வழி இல்லைத் தங்கச்சி, அதாலை படிச்சனான்" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார். வந்தவர் அந்த விசரையும், மருமகனின் நீலச் சட்டை அணியையும் என் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார்.

விசர், பைத்தியம் என்றுதான் சொல்லுவேன். முட்டை வடிவத்தில் ஒரு பந்து, முட்டை வடிவத்தில் ஒரு மைதானம். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். 'குவாட்டர்' என்று நாலு பகுதியாக ஆட்டம். உதைக்கலாம், கைமுட்டியால் குத்தலாம், ஒருவன் முதுகில் ஒருவன் ஏறி நின்று பந்தைப் பிடிக்கலாம். பிடித்தால் அதற்கு 'மார்க்' என்று பெயர். முதல் நாள் "ஆருக்கு எத்தினை மார்க்?" என்று நான் கேட்க, ஏதோ பிள்ளைகளின் ரிப்போட்டைக் கேட்கிறேன் என்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடுவில் இருக்கிற இரண்டு உயரக் கம்பத்துக்கு இடையால் அடித்தால் ஆறு புள்ளி. கொஞ்சம் விலகி, பக்கத்தில் நிற்கிற கட்டைக் கம்பத்துக்கு உள்ளால் போனாலும், உயரக் கம்பத்தில் பட்டாலும் ஒரு புள்ளி. தவறவிட்டவனுக்கும் ஒன்று கொடுக்கிறார்களே, இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று ஞானம் அண்ணை ஒரு கிழமையாக யோசித்தார். "அடிச்சால் ஆறு. அடிபடாட்டி ஆறுதல்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஒரு புள்ளிக்கு ஆறுதல் என்றுதான் பெயர்.

பார்வை மங்க மங்க என் கணவருக்கு ரீவியின் வர்ணனை பிடிபடவில்லை. அந்த வர்ணனையாளர்கள் கண் உள்ளவர்களுக்குக் கதைக்கிறார்கள். "பார், பார், என்ன பிடி!" என்று கத்துவார்கள். யார் பிடித்தான், எந்த மூலையில் பிடித்தான் என்று சொல்ல மாட்டார்கள், அதுதான் படத்தில் தெரிகிறதே. ஒரு நாள் இவர் ரிமோட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். ஞானம் அண்ணை அதைப் பொறுக்கி, பற்றரியைத் திருப்பிப் போட்டு, சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு எழுந்து நின்றார். "மச்சான், நான் சொல்லுறன்" என்றார்.

முதல் நாள் படு மோசம். பந்து அங்கை போகுது, பந்து இஞ்சை வருகுது என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே போனார். இவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வெடித்தார். "பந்தை விடடாப்பா! பந்துக்குப் பின்னாலை எல்லாரும்தான் ஓடுவாங்கள். பந்து இல்லாதவன் எங்கை நிக்கிறான்? அதைச் சொல்லு." அதற்குப் பிறகு ஞானம் அண்ணை ரீவி பார்க்கிற விதமே மாறிவிட்டது. திரையின் ஓரங்களைப் பார்ப்பார். "நீலக்காரன் ரெண்டு பேர் பின்னுக்குச் சும்மா நிக்கிறாங்கள். கோடு போட்ட சட்டைக்காரர் முழுப்பேரும் மேலை ஏறிட்டாங்கள். நடுவிலை ஒரு குருவியும் இல்லை" என்பார். இவர் உடனே, "அப்ப நீளமா ஒரு அடி, அவ்வளவுதான்!" என்பார். அடிப்பார்கள். வீடு அதிரும். அடுப்படியில் நிற்கிற எனக்குக் கருவேப்பிலையைச் சட்டியில் போட்டேனா இல்லையா என்பதே மறந்துவிடும். இருந்த இடத்தில் இருக்க முடியாத பிறவி நான், இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் நிற்கவும் முடியாது.

ஆனால் ஆட்டம் அல்ல விசேஷம். ஆட்டம் முடிந்த பிறகுதான் கச்சேரி தொடங்கும். விருந்துக்குச் சோறு வைக்கிற என் நல்ல நீள்வட்டத் தட்டு ஒன்று இருந்தது. அதை ஞானம் அண்ணை ஒரு நாள் அலமாரியிலிருந்து எடுத்தார், அத்தோடு அது எனக்கு இல்லாமல் போயிற்று. அதுதான் மைதானம். நீலக்காரர் நிலக்கடலைக் கச்சான், மற்றப் பக்கம் அவித்த கொண்டைக்கடலை. யார் யார் எங்கே நின்றார்கள் என்று அவர் அடுக்குவார், இவர் விரலால் தடவிப் பார்ப்பார். மோர்டனில் அதே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ராஜன் போன் ஸ்பீக்கரில் வருவான். முதலில் வர்ணனைக்கு விசாரணை, பிறகுதான் ஆட்டத்துக்கு.

"செபா அண்ணை, மூண்டாம் குவாட்டரிலை ஞானம் அண்ணை என்ன சொன்னவர்?"

"நீலக்காரர் இடப்பக்கத்தை அடைச்சிட்டாங்கள் எண்டு சொன்னவன்."

"பச்சைப் பொய்! இடப்பக்கம் திறந்து கிடந்தது. நான் பாத்தனான்."

"நீ கமராக்காரன் காட்டினதைப் பாத்தனீ" என்று ஞானம் அண்ணை பாய்வார். "நான் அவன் காட்டாததையும் பாத்தனான்."

"காட்டாததை என்னெண்டு அண்ணை பாக்கிறது?"

"அடுத்த முறை காட்டேக்கை அவங்கள் எங்கை நிண்டாங்கள்? அப்ப முந்தி எங்கை நிண்டிருப்பாங்கள்? மூளையைப் பாவிக்கோணும் ராஜன்."

இவர் தட்டைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொல்லுவார். சில நாள் ராஜன் பக்கம், சில நாள் ஞானம் அண்ணை பக்கம். எதிர்ப்பக்கத்துக் கடலைகளைக் கதையோடு கதையாக ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்வார். "மச்சான், அவங்கட பின்வரிசையை நீ திண்டிட்டாய், இனி நான் என்னத்தை விளங்கப்படுத்துறது?" என்று ஞானம் அண்ணை தலையில் கை வைப்பார். மத்தியானச் சாப்பாடு பின்னேரமாகும். நான் கத்துவேன். ஒருவரும் காதில் வாங்க மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் கிழமைதான் ஆஸ்பத்திரியில் மற்றக் கண்ணுக்கும் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்கள். இவர் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் கதைக்கவில்லை. ஞானம் அண்ணை வந்து வழக்கம்போல நின்று ஆட்டத்தைச் சொன்னார். கடைசி நேரம். நீலக்காரர் நாலு புள்ளி பின்னால். முடிவுச் சங்கு ஊதுவதற்கு முன்னால் எங்கள் ஆள் ஒருவன் பந்தைப் பிடித்துவிட்டான். பிடித்தவன் சங்கு ஊதிய பிறகும் ஒரு அடி அடிக்கலாம். உள்ளே போனால் ஆறு, வெற்றி. இவர் கதிரையின் நுனியில் இரண்டு கையையும் பொத்திக்கொண்டு இருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. யேசுவே, இதையாவது இந்த மனிசனுக்குக் கொடு என்று மன்றாடினேன். பந்து கம்பத்தில் பட்டது.

நான் இவருக்குப் பின்னால் நின்று ஞானம் அண்ணைக்கு இரண்டு கையையும் ஆட்டினேன். ஆறு என்று சொல்லுங்கோ, வென்றுவிட்டோம் என்று சொல்லுங்கோ என்று வாயசைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், கண் கலங்கியிருந்தது. பிறகு இவர் பக்கம் திரும்பினார். "போஸ்டிலை பட்டிட்டுது மச்சான். ஆறுதல். தோத்திட்டம்."

அவரை அடுப்படிக்கு இழுத்துப் போய் வாயில் வந்தபடியெல்லாம் ஏசினேன். ஒரு பொய் சொன்னால் உங்கட வாய் அழுகிப்போகுமோ, உங்களுக்கு நெஞ்சுக்குள்ளை என்ன கல்லோ என்று கேட்டேன். அவர் ஏச்சு முடியும்வரை நின்றார். "தங்கச்சி, நான் ஒருக்காப் பொய் சொன்னால் போதும். அதுக்குப் பிறகு நான் சொல்லுற ஒண்டையும் அவன் பாக்க மாட்டான்" என்றார். கேட்க மாட்டான் என்று சொல்லவில்லை, பார்க்க மாட்டான் என்றுதான் சொன்னார். என் கோபம் அப்படியே இருந்தது. அப்போது முன் அறையிலிருந்து சத்தம் வந்தது. "மச்சான், எந்தப் போஸ்ட்? இடமோ, வலமோ? காத்து எந்தப் பக்கத்தாலை அடிச்சது?" தட்டு வெளியே வந்தது. அன்றைக்கு இவர் கடலையோடு சோறும் சாப்பிட்டார்.

ஞானம் அண்ணை ஒன்றும் அற்புத மனிதர் இல்லை, அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். நீலக்காரன் யாரையாவது தள்ளி விழுத்தினால் அவருக்கு அது தெரியவே தெரியாது. "அவன் தானாய்த் தடக்கி விழுந்தவன்" என்பார். நடுவரைத் தூஷணத்தால் பேசுவார், பேசிய கையோடு சிலுவை போட்டுக்கொள்வார். என் முன் அறைக் கம்பளத்தில் அவர் சிந்திய தேத்தண்ணிக் கறைக்கு இன்றுவரை ஒரு மருந்தும் வேலை செய்யவில்லை. ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக அவர் சொன்னதில்லை. ஆட்கள் குவிந்து விழுந்து பந்து எங்கே என்று விளங்காவிட்டால், "எனக்குத் தெரியேல்லை மச்சான், பொறு" என்பார். அந்தப் பெரிய வர்ணனையாளர்கள் ஒருவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

செத்தவீட்டுக்கு இவரைக் கூட்டிக்கொண்டு எட்மண்டன் போனோம். வரிசையாக ஆட்கள் வந்து இவர் கையைப் பிடித்தார்கள். பாட்டுக்குழுவில் ஒரு அம்மா குனிந்து, "தம்பி, உங்களுக்கு என்ன ஆறுதல் சொல்லுறதெண்டே தெரியேல்லை" என்றார். இவர் தலையை நிமிர்த்தி, "ஏன், போஸ்டிலை பட்டிட்டுதோ?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, நிற்காமலே அழுகையாக மாறியது. அந்த அம்மா வெலவெலத்துப் போனார். உள்ளேயிருந்து பிலோமினா அக்கா வந்து இவருக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்துகொண்டார். அக்காவுக்கு அந்தச் சொல் தெரியும். சனிக்கிழமை இரவெல்லாம் அவர் வீட்டிலும் அந்தக் கதைதானே நடந்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகள் என்னை ஒரு வழி பண்ணிவிட்டன. இவர் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் கிடப்பார். நான் மேலும் கீழும் நடப்பேன். துடைத்த மேசையைத் துடைப்பேன். ராஜன் அழைத்து, "அண்ணை, நான் போனிலை சொல்லுறன், கேளுங்கோ" என்று கெஞ்சினான். "நீ பந்தைத்தான் பாப்பாய்" என்று இவர் போனைத் திருப்பித் தந்துவிட்டார். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. கதை அதைவிடக் குறைந்தது. ஊசி போடக் கூப்பிட்டால் மட்டும் கையை நீட்டுவார். ஆஸ்பத்திரியில் கையை விரித்த அந்தக் கிழமை இருந்த முகம் திரும்பி வந்துவிட்டது, இந்த முறை அது போகாதோ என்று எனக்குப் பயம் பிடித்தது.

போன சனிக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. ரீவியைப் போட்டேன், சத்தத்தை முழுதாகக் குறைத்தேன். முன் அறையில் நின்று, உள்ளே கேட்கட்டும் என்று தொண்டை கிழியக் கத்தத் தொடங்கினேன். "நீலக்காரன் ஒருத்தன் ஓடுறான்! விழுந்திட்டான்! எழும்பிட்டான்! இன்னொருத்தன் வாறான்!" பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ. உள்ளே சத்தமே இல்லை. நானும் விடவில்லை. முதல் குவாட்டர் முழுக்க விசரி மாதிரிக் கத்தினேன்.

"எந்தப் பக்கத்தாலை வாறான்?" என்று கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சோத்தாங்கைப் பக்கத்தாலை!"

"ஆற்றை சோத்தாங்கை? உன்ரையோ, அவன்ரையோ?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். கதவு திறந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கதிரையில் இருந்தார். "முதல்லை நீலக்காரர் எந்தப் பக்கம் அடிக்கிறாங்கள் எண்டு சொல்லு. குவாட்டருக்குக் குவாட்டர் பக்கம் மாறுவாங்கள், அதையும் சொல்லு. ஆறுதலா மூச்சை விட்டுச் சொல்லு" என்றார். சொன்னேன். பிழை பிழையாகச் சொன்னேன். அவர் திருத்திக்கொண்டே இருந்தார்.

கடைசி நிமிடம். மூன்று புள்ளி பின்னால். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராய்க் குவிந்து கிடந்தார்கள். "ஒரே குவியலப்பா, ஒண்டும் தெரியேல்லை" என்றேன்.

"குவியலை விடு. வெளியிலை ஆர் நிக்கிறான்?"

பார்த்தேன். திரையின் ஓரத்தில், ஒருவரும் இல்லாத வெளியில், ஒரு நீலச் சட்டை ஒற்றையாய் நின்றது. கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. "எங்கட ஆள் ஒருத்தன். தனிய. கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறான்."

"அவனுக்குக் குடுப்பாங்கள்" என்று இவர் எழுந்துவிட்டார். "இப்ப குடுப்பாங்கள் பார்!"

கொடுக்கவில்லை. குவியலுக்குள்ளிருந்து மற்றப் பக்கத்தான் பந்தைப் பறித்துத் தூக்கி அடித்தான். சங்கு ஊதியது. இவர் நின்றபடி என் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்.

"குடுக்கேல்லை. தோத்திட்டம்" என்றேன்.

"விசரங்கள்!" என்று கதிரைக் கையில் ஓங்கி அடித்தார். "தனிய நிண்டவனை விட்டிட்டுக் குவியலுக்குள்ளை குத்துப்படுறாங்கள்! ராஜனுக்குப் போன் அடி. தட்டை எடு!"

ராஜன் ஸ்பீக்கரில் வந்தான். முதலில் அழுதான். அழுது முடித்துவிட்டு, "ஆனால் அண்ணை, அங்கை ஒருத்தனும் தனிய நிக்கேல்லை. அக்கா சும்மா சொல்லியிருக்கிறா" என்றான். எனக்கு வந்ததே ஒரு கோபம். போனைப் பறித்து, "பொத்தடா வாயை! நீ பந்தைப் பாத்துக்கொண்டிருந்தனீ!" என்று தொடங்கினேன். மத்தியானச் சாப்பாடு பின்னேரமாயிற்று. இவர் கடலையை மென்றுகொண்டு எங்கள் இருவருக்கும் மாறி மாறித் தீர்ப்புச் சொன்னார்.

ஞானம் அண்ணையின் குரல் பாட்டுக்குழுவிடம் பதிவாக இருக்கிறது. அவர் மூக்கு மெல்பேர்ணில் பேரப்பிள்ளையின் முகத்தில் இருக்கிறதாம், பிலோமினா அக்கா படம் காட்டினார். எனக்கு ஞானம் அண்ணை விட்டுப்போனது இந்தச் சண்டை. அதை நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. இந்த மலர் மோர்டனுக்கும் வரும், ராஜன் வாசிப்பான் என்று எனக்குத் தெரியும். ஆகவே இதையும் அச்சில் போடச் சொல்லியிருக்கிறேன்: அவன் அங்கே நின்றான், ராஜன். தனியே, கையைத் தூக்கிக்கொண்டு. நான் பார்த்தேன்.